உள்பக்கத் தாழ்ப்பாள்

"முதல்ல தயாராகிற அறை நமக்குத்தான்," என்றார் என் கணவர்.

"பேச்சு மாறக் கூடாது."

"ஜெயிலை வாங்கினவன் பொய் சொல்வானா? பொய் சொன்னவங்களைத்தானே இங்க அடைச்சு வெச்சிருந்தாங்க."

பழைய சிறையைத் தங்கும் விடுதியாக்க வாங்கிய புதிது. முற்றத்தில் இடுப்பளவு புதர். அதன் நடுவே நின்று பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் அறை தயாரானபோது மழையில் நனைந்தபடி ஒரு சைக்கிள் ஜோடி வந்து நின்றது. கொடுத்துவிட்டார். அடுத்த அறை முழங்கால் வலிக்காரர் ஒருவருக்கு. படி ஏற முடியாதாம். அதற்கடுத்தது பரீட்சைக்குப் படிக்க வந்த பெண்ணுக்கு. அவர் சொன்ன காரணங்களில் ஒன்றையாவது குறை சொல்ல முடிந்ததா? அதுதான் எரிச்சல்.

நாங்கள் பேட்டரி அறையில் படுத்திருக்கிறோம். கூரையிலிருக்கும் சோலார் தகடுகளின் மின்சாரமெல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. பேட்டரிக்குக் காற்று வேண்டும் என்று கதவைக் கழற்றிவிட்டார். திரைச்சீலைதான் கதவு. நான் உடை மாற்றும் நேரமாகப் பார்த்து, "அக்கா, போன் சார்ஜ் ஏறலை" என்று யாராவது தலையை நீட்டுவார்கள். புருஷனோடு சண்டை போடுவதென்றால்கூட கிணற்றடிக்குப் போக வேண்டும். அங்கே போவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

இன்று கடைசி அறையும் முடிந்தது. மேற்கு மூலை. சுண்ணாம்பு அடித்தது நான், ஜன்னல் கம்பிகளைத் துரு போகத் தேய்த்தது நான். உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அவருடைய குரல் கேட்டது. போனில் யாரிடமோ வழக்கமான பல்லவி. "ஆமாங்க, குளிச்ச தண்ணி தோட்டத்துக்குப் போயிடும். இங்க எதுவும் வீணாகாது." பேசிக்கொண்டே கதவை இழுத்தார். வெளியே தாழ் விழும் சத்தம்.

காற்றில் கதவு அடித்தால் சுவர்ப்பூச்சு உதிரும் என்று, ஆளில்லாத அறைகளை மாலையில் தாழிட்டுவிடுவது அவர் வழக்கம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் கிடையாது. பழைய கதவில் புது ஓட்டை போடக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. விருந்தினர்களுக்கு ஆளுக்கொரு மர ஆப்பு செதுக்கிக் கொடுத்திருக்கிறார், உள்ளிருந்து கதவுக்கடியில் செருகிக்கொள்ள.

தட்டினேன். கத்தினேன். கைதி கத்தினால் வெளியே கேட்காதபடி கட்டிய சுவர். கடைசியில் கதவின் நடுவே, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளும் துவாரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. பக்கத்து அறைக்கு வந்திருக்கும் பாங்க் அம்மா.

"அக்கா, இது ஜெயில் விளையாட்டு புரோகிராமா? நாங்க ஏதாவது கண்டுபிடிக்கணுமா?"

"புரோகிராமெல்லாம் இல்லைங்க. தாழைத் திறங்க."

இழுத்துப் பார்த்தார். "அசையவே மாட்டேங்குது. நல்லா பண்ணியிருக்கீங்க." ரசித்தபடியே என் கணவரைத் தேடிப் போனார்.

வேறு வழியில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்து புதுச் சுண்ணாம்பில் மஞ்சளாக விழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. காலை நீட்டினேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

துவாரத்தில் அவர் முகம் வந்தது. தகடு துடைத்த தூசி புருவத்தில்.

"ஐயையோ, நீ உள்ளயா இருந்தே? இரு, திறக்கிறேன்."

"திறக்காதீங்க."

"என்னது?"

"வார்டன் ஐயா, கைதி பேசணும். போன்ல யாரு?"

தயங்கினார். "ஒரு குடும்பம். வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த அறை வேணுமாம். காத்தோட்டமா ஒரு அறையில இருக்கணும்னு அவங்க அப்பாவுக்கு ரொம்ப ஆசையாம், பாவம்."

"பாவம்தான். சரின்னுட்டீங்களா?"

"உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"இதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

துவாரத்தில் முகம் கொஞ்சம் கீழே இறங்கியது. "நீ எதுவும் சொல்லலையேம்மா. நீயும்தானே அவங்களுக்குப் படுக்கை விரிச்சே."

உண்மைதான். ஒவ்வொரு முறையும் வாய் வரை வரும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமுவார்கள், விழுங்கிவிடுவேன். இப்போது நடுவே இரும்புப் பட்டை அடித்த கதவு. பாங்க் அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது நன்றாகவே தெரிந்தது. நிற்கட்டும்.

"இங்க எதுவும் வீணாகாதுன்னு ஊர் பூரா சொல்றீங்க. நாம ரெண்டு பேரும் வீணாப் போயிட்டிருக்கோம்."

அவர் துவாரத்தை விட்டு நகரவில்லை. தாழின் மேல் வைத்திருந்த கையை மட்டும் எடுத்துவிட்டார்.

நான் எழுந்து போய்த் துவாரத்துக்கு நேராக முகத்தை வைத்தேன். மூச்சு படும் தூரத்தில் இருவரும் இப்படி நின்று வெகு நாளாகிவிட்டது.

"இந்த அறையை யாருக்கும் குடுக்காதீங்க. நமக்கு வேணும். கதவுல ஓட்டை போட்டாலும் பரவாயில்லை, உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் வெச்சுக் குடுங்க."