நாலு பேருக்கு ஒரே ஐடி

காலை ஐந்தரை மணி. தி.நகரில் பாதி தூக்கிய ஷட்டருக்குள், ஒரு பாத்திரக் கடையின் கல்லாவுக்கு அடியில் அஃப்தாப் குப்புறப் படுத்திருந்தான். ஒரு சாண் இடுக்கு. தோள் வரை கையை நுழைத்துத் துழாவினால்தான் ஒயர் தட்டுப்படும். எலி கடித்துப் போட்ட இடத்தை விரலால் கண்டுபிடித்து, உறையைப் பல்லால் சீவி, முறுக்கி, டேப் சுற்றினான். தும்மினால் தலை பலகையில் இடிக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஃபேன் இருந்தது, ஆனால் அது கடைக்காரர் வந்தபிறகுதான் சுற்றும்.

கார்டு தேய்க்கும் மெஷின், ஸ்கேன் அட்டை, பில் போடும் கம்ப்யூட்டர் மூன்றையும் இணைத்து, வாங்குகிறவர் கொடுக்கும் பணம் நேராகக் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் விழும்படி சாஃப்ட்வேர் ஏற்றுவது அவன் வேலை. கோளாறு என்றால் ஓடிப்போய்ச் சரிசெய்வதும் அவன் வேலைதான். கடை திறக்கும் ஒன்பது மணிக்குள் முடிந்தாக வேண்டும். தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது. தி.நகர் வியாபாரிகளுக்கு அந்தப் பதினேழு நாளும் பதினேழு வருஷத்துக்குச் சமம்.

போன வருஷம் வரை மாதச் சம்பளம், நாளைக்கு இரண்டு கடை. இப்போது கடைக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்கு ஐந்து கடை. பழுது பார்க்கத் திரும்பப் போனால் அதற்குக் காசு கிடையாது, பெட்ரோலும் தன் கையிலிருந்து. இந்த ஏற்பாட்டுக்கு முதலாளி பரத்வாஜ் வைத்த பெயர் 'பார்ட்னர்'. கூலிக்காரனைப் பார்ட்னர் என்று கூப்பிட்டால் அவன் வயிறு நிறைந்துவிடும் என்று யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

ஃபோன் அதிர்ந்தது. வேளச்சேரியில் ஒரு கடையிலிருந்து, கூட வேலை செய்யும் சக்திவேல்.

"நைனா, ஓடிபி."

"ஏழு, நாலு, நாலு, ஒண்ணு, ஜீரோ, மூணு."

"செரி நைனா." வைத்துவிட்டான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வங்கியின் இணையதளத்துக்குள் நுழைந்து கடையைப் பதிவு செய்ய ஒரு ஐடி வேண்டும். ஆளுக்கு ஒன்று வாங்கினால் ஆளுக்குத் தனிக் கட்டணம். பரத்வாஜ் வாங்கியது ஒன்றே ஒன்று. அது அஃப்தாப்பின் பெயரில், அஃப்தாப்பின் ஃபோன் எண்ணில். ஆக, சக்திவேல், ஷண்முகப்ரியா, ராஜரத்தினம் மூன்று பேரும் எந்தக் கடையில் உட்கார்ந்து வேலை செய்தாலும் உள்ளே போவது அஃப்தாப்தான். அவன் சோறு பிசைந்துகொண்டிருந்தாலும், பள்ளிவாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாலும், அந்த ஆறு எண்ணைச் சொல்லிவிட வேண்டும். எட்டு மாதமாக இப்படித்தான் ஓடியது. நால்வரும் அதைத் தங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தார்கள்.

எட்டு மணிக்குப் பரத்வாஜே கூப்பிட்டார்.

"அஃப்தாப், போட்டது போட்டபடி விட்டுட்டு ஆபீஸுக்கு வா."

"கடை திறக்கப் போறாங்க சார். இன்னும் ஒரு மெஷின்..."

"வான்னா வாப்பா."

அந்தக் குரலில் சத்தம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. கோபாலபுரத்துக்கு வண்டியை ஓட்டிப் போகிற வழியெல்லாம் என்ன தப்பு, என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே போனான். ஒன்றும் பிடிபடவில்லை.

பழைய பங்களா ஒன்றின் மாடியில் அலுவலகம். உள்ளே பரத்வாஜுக்கு எதிரே நல்லசிவம் உட்கார்ந்திருந்தார். பாண்டி பஜார் புஷ்பம் சில்க்ஸ் உரிமையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"இவன்தானா?" என்று கேட்டார்.

பரத்வாஜ் தலையாட்டினார். "உக்காரு அஃப்தாப்."

அஃப்தாப் நின்றுகொண்டே இருந்தான்.

புஷ்பம் சில்க்ஸ் என்ற பெயரில் தி.நகரில் இரண்டு கடை உண்டு. தாயார் பெயரில் தகப்பனார் ஆரம்பித்தது. பிள்ளைகள் பிரிந்தபோது கடை பிரிந்தது, பெயர் பிரியவில்லை. பாண்டி பஜாரில் அண்ணன் நல்லசிவம், உஸ்மான் ரோட்டில் தம்பி முத்துகிருஷ்ணன். அந்தப் பெயர் யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இருவரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை. வங்கிப் பட்டியலில் மட்டும் இரண்டு புஷ்பம் சில்க்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சனிக்கிழமை அண்ணன் கடையில் சாஃப்ட்வேர் ஏற்றும்போது பட்டியலில் தம்பி கடையைத் தொட்டுவிட்டார்கள்.

"மூணு நாள் தீபாவளி யாவாரம்," என்றார் நல்லசிவம். "பதினோரு லட்சம். அவ்ளோ துட்டும் அவன் கணக்குல போய் விழுந்திருக்கு. கேட்டா, எங்க கடை பேருக்குத்தான வந்திருக்கு, கோர்ட்டுல பாத்துக்கிடுவோம்ங்கான். நீ அவங்கிட்ட என்ன வாங்கின? அதைச் சொல்லு மொதல்ல."

"சார், சத்தியமா நான் உங்க கடைக்கே வந்ததில்ல சார்."

"வராமலா உன் பேரு வந்திருக்கு?"

பரத்வாஜ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சனிக்கிழமை, மதியம் இரண்டு பத்து. ஐடிக்கு எதிரே அஃப்தாப்பின் பெயர். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவன் அடையாறில் ஒரு மருந்துக் கடையில் இருந்தான். அந்த ஒரு மணி நேரத்தில் ஏழு முறை ஓடிபி சொல்லியிருந்தான். எது யாருக்கு?

பரத்வாஜ் அவனை பால்கனிக்கு அழைத்துப் போனார். தோளில் கை போட்டார்.

"பாரு, நான் உன்னை ஒண்ணும் சொல்லலை. கம்ப்யூட்டர் ரெக்கார்டு சொல்றது. நாமெல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி இருந்துண்டிருக்கோம். இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்துப் போடு. என் கவனக்குறைவு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லைன்னு. மத்ததை நான் பேசி முடிக்கிறேன்."

"ஓடிபி வாங்கினது வேற ஆளு சார். உங்களுக்குத் தெரியுமே."

"அப்ப அந்த ஆள் பேரை எழுதிக் குடு. ப்ரியாதானே? உன்னை விட்டுடறேன். எனக்கு ஒரு பேர் வேணும்பா. பதினோரு மணிக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போறார்."

அஃப்தாப் காகிதத்தை வாங்கிக்கொண்டு படி இறங்கினான்.

பயம் என்றால் சும்மா பயமில்லை. அடையாறில் இப்போதிருக்கும் வீடு கிடைப்பதற்கு முன் அவனும் மனைவி ருக்சாரும் பதினாறு வாசல் ஏறி இறங்கியிருந்தார்கள். வாடகை ஒத்துவரும், முன்பணம் ஒத்துவரும், பெயரைக் கேட்டதும் 'வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோமே' என்பார்கள். பதினேழாவது வாசலில் ஒரு நல்ல மனிதர் சாவி கொடுத்தார். அந்த வாசலில் போலீஸ் வந்து நின்று அஃப்தாப் இருக்கானா என்று கேட்டால், அந்த நல்ல மனிதரும் எத்தனை நாளைக்கு நல்ல மனிதராக இருப்பார்? பதினோரு லட்சம், மோசடி, அதற்கு மேல் இந்தப் பெயர். ஸ்டேஷனில் யாராவது அவன் சொல்வதை முழுசாகக் கேட்பார்களா? ஒரு பெயரை எழுதிக் கொடுத்தால் இத்தனையும் இல்லை. ப்ரியா. ஐந்து எழுத்துகூட வராது. அப்படி நினைத்தான், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை ஓடிபியைக் குழுவில் யார் கேட்டார்கள் என்று பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்தான். ஃபோனில் இடம் போதாமல் ஞாயிறுதோறும் பழைய மெசேஜ்களை அவனே அழித்துவிடுவான், சனிக்கிழமையது ஒன்றும் இல்லை. போதாததற்கு, 'பார்ட்னர்ஸ்' குழுவிலிருந்தே அவனை நீக்கியிருந்தார்கள்.

தெருமுனை டீக்கடையில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள் போல. யாரும் டீயைக் குடிக்கவில்லை.

"அண்ணா," என்றாள் ஷண்முகப்ரியா. அவள் முகம் வெளுத்திருந்தது. "நான்தாண்ணா அது."

"தெரியும்மா."

"அன்னிக்கி எனக்கு நாலாவது கடை. காலைல இருந்து ஜுரம். லீவு போட்டா அந்த வாரம் போனஸ் இல்லன்னாங்க."

"யாரும் வாயத் தொறக்காதீங்க," என்றான் சக்திவேல். "குரூப்ப டெலீட் பண்ணச் சொல்லி காலைல சார் மெசேஜ் போட்டாரு. சேஃப்டியாம். இன்னா சேஃப்டி? அவருக்கு சேஃப்டி. நானும் அழிச்சிட்டேன். என் புத்திய இன்னான்னு சொல்றது."

ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பத்திரண்டு வயது. அந்த நால்வரில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர் அவர்தான். பரத்வாஜ் இருமினால்கூட எழுந்து நிற்பார்.

"நான்தான் ஃபர்ஸ்ட்டு அழிச்சேன்," என்றார். "மெசேஜ் வந்த அடுத்த நிமிஷம். ஏன் எதுக்குன்னு கூடக் கேக்கல."

ப்ரியா தன் ஃபோனை நீட்டினாள்.

"நான் அழிக்கலண்ணா."

மூன்று தலைகளும் குனிந்தன. சனிக்கிழமை இரண்டு எட்டு. 'அண்ணா ஓடிபி, பாண்டி பஜார் புஷ்பம் சில்க்ஸ்.' அடுத்து அஃப்தாப்பின் ஆறு எண். அதற்குக் கீழே மறுபடி அவளே: 'லிஸ்ட்ல ரெண்டு புஷ்பம் சில்க்ஸ் காட்டுது. எது நம்மளது சார்?' அதற்குக் கீழே பரத்வாஜ்: 'ஏதோ ஒண்ணு, அதான் பேர் ஒண்ணுதானே. சீக்கிரம் முடி, அடுத்த கடை வெயிட்டிங்.'

சக்திவேல் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். எட்டு மாதத்துக்கு முந்தைய பரத்வாஜ் ஒருவர் அங்கே இருந்தார். 'இப்போதைக்கு எல்லாரும் அஃப்தாப் ஐடியையே யூஸ் பண்ணுங்கோ. தனி ஐடி அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்.'

"இத்தக் காட்டுனா நீயும் மாட்டுவ ப்ரியா," என்றான் அஃப்தாப். "தப்பா தொட்டது நீன்னு இதுல இருக்கு."

"இருக்கட்டும். நீங்க மாட்டினா எனக்குத் தூக்கம் வருமா?" என்றாள். "பயமாத்தாண்ணா இருக்கு. எங்க அம்மா ஸ்டேஷன் வாசல்ல நின்னதே இல்ல."

"எனக்கு மட்டும் இன்னா, தெகிரியமாவா கீது?" என்றான் சக்திவேல்.

ராஜரத்தினம் டீக்கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். அவர் மிக்சர் மடிக்கும் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தார். ராஜரத்தினத்துக்கு நல்ல கையெழுத்து. பெஞ்சில் வைத்து நிறுத்தி நிதானமாக எழுதினார். இந்த ஐடியில் நாங்கள் நால்வரும் வேலை செய்தோம். கம்பெனி சொல்லித்தான் செய்தோம். ஆளுக்குத் தனி ஐடி தரும்வரை எந்தக் கடைக்கும் போகமாட்டோம். ஒரு நாளைக்கு மூன்று கடைக்கு மேல் செய்யமாட்டோம். கீழே முதலில் தன் கையெழுத்தைப் போட்டார். போடும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அதற்குக் கீழே மற்ற மூவரும் போட்டார்கள்.

மேலே போனபோது மணி பத்தே முக்கால்.

"எல்லாரையும் ஒண்ணா யார் வரச்சொன்னா?" என்றார் பரத்வாஜ். "ஒருத்தொருத்தரா பேசிக்கலாம்."

"ஒருத்தொருத்தராப் பேசித்தான் சார் இங்க வந்து நிக்கிறோம்," என்றான் அஃப்தாப். "இந்த லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவங்க பேரையும் எழுத மாட்டேன்."

ப்ரியா ஃபோனை நல்லசிவத்துக்கு முன்னால் வைத்தாள். "உங்க கடையில வேலை பார்த்தது நான்தான் சார். தப்பா தொட்டதும் நான்தான். எதுன்னு கேட்டேன். இவர் என்ன சொன்னார்னு படிச்சுப் பாருங்க."

நல்லசிவம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, இரண்டு முறை படித்தார்.

"ஏதோ ஒண்ணா?" என்றார். "என்னவே இது? எங்கப்பா தெருத்தெருவாத் துணி சுமந்து வித்துச் சேத்த பேரு. உமக்கு ஏதோ ஒண்ணா?"

"சார், அது ஒரு அவசரத்துல..."

"ஒரு சாவியை நாலு பேருகிட்டக் குடுத்து எங்கடையைத் தொறக்க விட்டிருக்கீரு. துட்டு மிச்சம் பிடிக்க."

"பரத்வாஜ் சார்," என்றார் ராஜரத்தினம். நோட்டுத்தாளை மேஜையில் வைத்தார். "இது எங்க லெட்டர்."

பரத்வாஜ் படித்தார். முகம் சிவந்தது. "தீபாவளி சீசன்ல ஸ்டிரைக்கா? நாளைக்கே இருபது பேர் வருவான், தெரியுமா? பார்ட்னர் அக்ரிமென்ட்ல யூனியன் கீனியன்லாம் கிடையாது."

"வரட்டும் சார்," என்றான் சக்திவேல். "அவனுங்களுக்கும் எத்தினி ஐடி குடுப்பீங்கன்னு நாங்க வாசல்ல நின்னு கேப்போம்."

நல்லசிவம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் மனம் இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அவருடைய பதினோரு லட்சம். "யாரு தப்புன்னு அங்க வச்சுப் பேசிக்கிடுங்க. நான் புகார் குடுக்கத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

"போங்க, இப்ப அனுபவிங்கோ," என்றார் பரத்வாஜ்.

ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். அந்தத் தூரம் அஃப்தாப்புக்கு முடியவே இல்லை. வழியில் ருக்சாருக்கு ஃபோன் செய்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டான். அவள், என்னாச்சு, யாரு கூட இருக்கீங்க என்றாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்றான். அதைச் சொன்னபோதுதான் அவனுக்கு மூச்சு சற்றுச் சீராக வந்தது.

வாசற்படியில் ப்ரியா ஒரு நொடி நின்றுவிட்டாள். சக்திவேல் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். உள்ளே நல்லசிவம் சொன்னதையெல்லாம் ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அஃப்தாப் யாரு? அவர் மட்டும் வாங்க. மத்தவங்க வெளிய."

அஃப்தாப் ஓர் அடி எடுத்து வைத்தான். அவனுக்கு முன்னால் ராஜரத்தினம் போய் மேஜையருகே நின்றுவிட்டார். சட்டை முழுக்க வேர்வை.

"அந்த ஐடி நாலு பேரோடது சார். நாலு பேரையும் கேக்கணும். என் பேரு ராஜரத்தினம். சைதாப்பேட்டை."

"ஷண்முகப்ரியா," என்றாள் அவள். "நந்தனம்."

"சக்திவேல் சார்."

ஏட்டு நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தார். சலித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டி, புதுப் பக்கத்தின் தலையில் பேனாவை வைத்தார்.

"ம், மெதுவாச் சொல்லுங்க," என்றார்.