டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு

தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்து காம்பராவில், பெஞ்சில் நாகலெட்சுமி உட்கார்ந்திருப்பது அந்த மாதத்தில் மூன்றாவது தடவை. முதல் தடவை டிஸ்பென்சர் முத்துலிங்கம் சிரித்தார். இரண்டாவது தடவை, காய்ச்சல்காரர்கள் காத்திருக்கும்போது இவளுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்டார். இன்றைக்கு அவளைக் கண்டும் காணாதவர் போலப் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, இருமலுக்குச் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, எல்லோரையும் அனுப்பிய பிறகுதான் நிமிர்ந்தார். எட்டு மாத வயிற்றோடு காலையில் இருந்து பலகையில் உட்கார்ந்ததில் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் எழுந்து போனால் அவர் கதவைச் சாத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"திரும்பவும் அதே கதைதானோ?"

"என்னச் சேத்துக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் குடுங்க டாக்டரய்யா. டவுன் ஆஸ்பத்திரியில பெத்துக்கிறேன்."

"இஞ்ச என்ன குறை? ஆறு கட்டில் கிடக்கு. மிட்வைஃப் இருக்கிறா. இந்தத் தோட்டத்தில எத்தினை பிள்ளை என்ர கையால பிறந்தது எண்டு தெரியுமே?"

சவுக்குமலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் கையில் பிழைக்காமல் போனவையும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் நாகலெட்சுமியின் அக்கா காளியாயி இந்த ஆறு கட்டில்களில் ஒன்றில்தான் பிள்ளை பெற்றாள். பெற்ற பிறகு இரத்தம் நிற்கவில்லை. டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முத்துலிங்கமே ஓடிவந்து சொன்னார். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து, பின்னால் சாக்கு விரித்து, அக்காவை ஏற்றி, பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவின் தலை நாகலெட்சுமியின் மடியில் இருந்தது. அப்போது இவளுக்குப் பதினாறு வயது. வண்டியை நிறுத்தச் சொல்லத் தோன்றாமல் டவுன்வரை அப்படியே போனாள். குழந்தையும் மூன்றாம் நாள் போய்விட்டது.

அந்தக் கதையை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் அது மேசைபோலக் கிடந்தது. கடைசியில் முத்துலிங்கம் ஒரு தாளை இழுத்து, இங்கிலீஷில் கடகடவென்று ஏழெட்டு வரி எழுதி, கவரில் போட்டு ஒட்டினார்.

"கொண்டு போ. இனி வந்து என்ர உயிரை எடுக்காதை."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். லயத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கவர் சேலைத் தலைப்பில் முடிந்து இருந்தது. புருஷன் வீரய்யாவிடம் காட்டியபோது அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏதோ நெறையாத்தான் எழுதியிருக்காரு" என்றான். அவனுக்கும் சந்தோஷம்தான். ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் உருளை மெஷினில் வேலை செய்பவன் அவன். யாரோடும் சண்டை இல்லாமல் ஒரு காரியம் முடிந்தால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவான்.

மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் பஸ் பிடித்தாள். தோட்டத்து வாசலிலிருந்து டவுனுக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இங்கே நில், அங்கே நில் என்று மூன்று வரிசை மாறி, கடைசியில் ஒரு நர்ஸ் கவரைப் பிரித்தாள். வாசித்தாள். பக்கத்து மேசையிலிருந்த இன்னொருத்தியிடம் நீட்டினாள். அவளும் வாசித்தாள். இருவரும் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை ஒன்று அடம்பிடித்து வந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"ஒண்ணும் இல்ல. தோட்டம் ஆஸ்பத்திரி போ. அங்க பத்தும்" என்றாள் நர்ஸ், தனக்குத் தெரிந்த தமிழில்.

"டாக்டரய்யா துண்டு குடுத்திருக்காரு நோனா."

"அந்த டாக்டர்தான் சொல்றது."

காகிதத்தை மடித்து அவள் கையிலேயே திணித்தாள். வரிசையில் பின்னாலிருந்தவள் முன்னால் வந்துவிட்டாள்.

நாகலெட்சுமிக்கு டவுனில் தெரிந்த வீடு ஒன்றே ஒன்று. துணிக்கடை லாபிர் முதலாளியின் வீடு. பத்து வயதில் அவளை அங்கே பிள்ளை பார்க்கிற வேலைக்கு விட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் இருந்தாள். முதலாளியின் மனைவி ரஸீனா அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனாலும், தோட்டத்துக்குத் திரும்பி வேலைக்குப் பேர் பதிந்து, கூடை கட்டி மலைக்கு ஏறிய நாளில், இனி யார் வீட்டுப் பின்கதவிலும் நுழைவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டது உண்மை. இப்போது அந்தப் பின்கதவைத்தான் தட்டினாள்.

ரஸீனா அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். கடையிலிருந்து சாப்பிட வந்த லாபிர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாசித்தார். முழுவதும் வாசித்துவிட்டுச் சொல்லத் தயங்கினார்.

"சொல்லுங்க முதலாளி."

"ஒனக்கு ஒரு கோளாறும் இல்லையாம். வீண்பயமும் பிடிவாதமுமாம். தொந்தரவு தாங்காமத்தான் அனுப்புறாராம். இடம் குடுத்தா மத்தப் பொம்பளைகளும் இப்படியே கேப்பாங்களாம், அதனால திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியீக்கிறார்."

அவள் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். முடிச்சுப் போட்ட இடம் இன்னும் சுருங்கியே இருந்தது. தன்னைப் பற்றிய புகார்க் கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் வந்திருக்கிறாள். வழியில் பஸ் குலுங்கியபோதெல்லாம் அது விழுந்துவிடாமல் கையால் பொத்திக்கொண்டு வேறு வந்திருக்கிறாள்.

ரஸீனாதான் வழி சொன்னாள். "தோட்டம்னு சொன்னாத்தானே துண்டு கேக்குறாங்க? டவுன்ல இருக்கிறவங்களுக்கு யாரும் துண்டு எழுதுறதில்ல. நான் மூணு புள்ளையும் அங்கதான் பெத்தேன். நீ பத்து நாளைக்கு முந்தி இங்க வந்துரு. வலி கண்டா நான் கூட்டிட்டுப் போறேன். எங்கட வீட்டு வேலைக்காரின்னு பேர் குடுத்தா முடிஞ்சிச்சு."

வேலைக்காரி என்ற சொல்லை ரஸீனா ஒரு வலியும் தெரியாமல் சொன்னாள். நாகலெட்சுமி டம்ளரைக் கீழே வைத்து, சரி என்று தலையாட்டினாள்.

வீரய்யா சரி என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னான்: "நம்ம பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வருது. எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியல. குடும்பம் எங்க இருக்கு, பொண்டாட்டி எங்க இருக்கான்னு தோண்டித் தோண்டிக் கேக்குறாங்களாம். நான் சவுக்குமலைன்னு சொல்லுவேன். அங்க ஆஸ்பத்திரிப் பொஸ்தகத்துல நீ டவுன்ல வேலைக்காரின்னு இருக்கும். பொய் மனுன்னு தள்ளிட்டாங்கன்னா?"

"அதப் போயி யாரு பாக்கப்போறா?"

"பாத்தா?"

"காயிதம் பொழைக்கணும், நான் சாகணுமா?"

கேட்ட பிறகு அவளுக்கே அது அதிகமென்று பட்டது. அந்த மனுவுக்காக அவனும் அவன் அப்பாவும் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னதை எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் அவன் துண்டு கேட்டுத் தோட்டத்துத் துரையின் ஆபீசுக்குப் போனான். துரையிடம் எதுவும் கேட்டறியாதவன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் ஒரு மணி நேரம் நின்றான். உள்ளேயிருந்து கிளாக்கர் வந்து துரையின் பதிலைச் சொன்னார். ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் டிஸ்பென்சரிடம் கேட்க வேண்டுமாம்.

நாகலெட்சுமி நான்காவது தடவையாக மருந்து காம்பராவுக்குப் போனாள். இந்தத் தடவை பெஞ்சில் உட்காரவில்லை. கடிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

முத்துலிங்கம் அதைத் தொடவில்லை. "நான் பொய் எழுத ஏலாது. உன்ர உடம்பில வருத்தம் ஒண்டும் இல்லை."

"எங்கக்காவுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னீங்க."

அவர் எழுந்துபோய், மூலையிலிருந்த பேசினில் கை கழுவ ஆரம்பித்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. சவுக்காரத்தைத் தேய்த்துத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் கழுவினார். முதுகு மட்டும் தெரிந்தது. போன நான்கு வருஷத்தில் அந்த முதுகு கூனிப்போயிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அண்டைக்கு லொறி நிண்டிருந்தால்..."

"இன்னிக்கு நிக்குமா டாக்டரய்யா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி சவுக்காரத்தை எடுத்தார். அவள் வெளியே வந்தாள். கடிதம் மேசையிலேயே கிடந்தது.

நாள் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு சேலையும் ஒரு போர்வையும் மூட்டை கட்டினாள். வீரய்யா தடுக்கவில்லை. பஸ்வரை மூட்டையைச் சுமந்துவந்து, ஏற்றிவிட்டு, "முதலாளி வீட்டு விலாசத்தச் சொல்லு" என்றான். சொன்னாள். உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். மறுபடி கேட்டான். பஸ் நகரும்போதும் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ரஸீனா வீட்டில் அவளை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாமல் அவளே கூட்டினாள், வெங்காயம் உரித்தாள், துணி மடித்தாள். மூன்றாம் நாளே பொய் பாதி மெய்யாகிவிட்டது போலிருந்தது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் கிளாக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டதற்கெல்லாம் ரஸீனாவே பதில் சொன்னாள். பெயர், வயது, புருஷன் பெயர், விலாசம், வேலை. அவர் எழுதினார். யாரும் துண்டு கேட்கவில்லை. இவ்வளவுதானா என்று நாகலெட்சுமிக்கு வலியிலும் வயிறெரிந்தது.

வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். மற்றவர்கள் தரையில் பாயில். நர்ஸ்மார் சிங்களத்தில் அதட்டியது பாதி புரியவில்லை. புரியாததற்காக மறுபடி அதட்டினார்கள். பத்து மணிக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. இரத்தப்போக்கு இல்லை, ஊசி இல்லை, டாக்டர் வந்து பார்க்கவேண்டிய தேவைகூட இல்லை. "சுகப் பிரசவம். வீட்டுலயே பெத்திருக்கலாம்" என்று தமிழ் தெரிந்த அட்டெண்டன்ட் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, முத்துலிங்கம் எழுதியது சரிதான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை பொங்கியது. பக்கத்தில் படுத்திருந்தவள் வலியென்று நினைத்துக் காலைத் தடவிவிட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது? ஒன்றும் ஆகாமல் போனதற்காக அழவில்லை. ஒன்றும் ஆகாது என்று அக்காவுக்கும் இதே போலத்தான் எல்லோரும் சொன்னார்கள். சரியாகச் சொல்வதும் தவறாகச் சொல்வதும் அவர்களுக்கு ஒரே குரலில் வருகிறது. குழந்தை மூடிய முஷ்டியோடு தூங்கியது. காளியாயியின் நெற்றி அதற்கு.

மறுநாள் பகல் பார்வையாளர் நேரத்தில் நல்ல மழை. வார்டு மேட்டில் இருந்தது. கேட்டும் ரோடும் கீழே பள்ளத்தில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது, கேட்டருகில் தலையில் படங்குச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் நிற்பதைப் பார்த்தாள். கையில் துணியில் கட்டிய தூக்குச்சட்டி. நிற்கிற நிற்பிலேயே வீரய்யா என்று தெரிந்துவிட்டது; ரஸீனா சொல்லியனுப்பிய செய்தி கிடைத்திருக்கிறது.

வாட்ச்மேன் ஊர்வாரியாகப் பேர் எழுதிய ஒரு நீளப் புத்தகத்தைப் புரட்டி விரலால் தேடினான். தலையை ஆட்டினான். வீரய்யா ஏதோ சொன்னான். வாட்ச்மேன் மறுபடி தேடி, மறுபடி தலையை ஆட்டினான். பேச்சு மேலே கேட்கவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்த இடம் என்று கேட்டிருப்பான். உதட்டுக்குள் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த விலாசம் காக்கிச் சட்டையைக் கண்டதும் மறந்திருக்கும், அல்லது சொல்லப் பயந்திருப்பான். சவுக்குமலை என்றுதான் சொல்லியிருப்பான். சவுக்குமலையிலிருந்து இங்கே யாரும் வரவில்லை.

பிள்ளை பெற்றவர்கள் வார்டை விட்டு இறங்கக்கூடாது. படியில் நர்ஸ் நின்றாள். நாகலெட்சுமி கையை வீசினாள். அவன் மேலே பார்க்கவில்லை. "இந்தாங்க" என்று கூப்பிட்டாள். "ஏங்க, இங்க!" மழைச் சத்தத்தில் அது பக்கத்து ஜன்னல்வரைகூடப் போகவில்லை. வாட்ச்மேன் கையைக் காட்டி நகரச் சொன்னான். வீரய்யா தூக்குச்சட்டியைச் சாக்குக்குள் இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. தோட்டத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. நேற்றுக்கூடக் கிளாக்கர் கேட்டபோது ரஸீனாதான் சொன்னாள். வராந்தாக் கம்பியில் நெஞ்சு அழுந்த, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மலையில் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"வீரய்யா!"

வார்டு திரும்பிப் பார்த்தது. நர்ஸ் படியிலிருந்து அதட்டிக்கொண்டே வந்தாள். குழந்தை விழித்து வீறிட்டது.

கீழே அவன் நின்றுவிட்டான். சாக்கை விலக்கிக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். பஸ் நிற்குமிடத்தில் ஒதுங்கி நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். தன்னை யார் கூப்பிட்டது என்று தெரியாமல் மழையில் நனைந்துகொண்டு அவர்கள் முகத்தில் தேடினான். அவள் மறுபடி மூச்சை இழுத்தாள்.