வாசுவின் ஐம்பதாவது ரன்

ஐம்பது எடுத்தால் வேலை. அன்றைக்கு எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். மீதியெல்லாம், சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

என் தம்பி வாசுவுக்கு இருபத்தாறு வயது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை இன்றைக்கு மூடுவார்களா, நாளைக்கு மூடுவார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். அங்கே புதிதாக யாரை எடுக்கப் போகிறார்கள்? விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், கிடைத்த கூலி வேலையைச் செய்துவிட்டுத் திரும்புவான். கிரிக்கெட் மட்டும் நன்றாக ஆடுவானாம். பெங்களூர் கம்பெனி ஒன்று தன் டீமுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்த டீம் எங்கள் பையன்களோடு ஆட ஊரிகம் மைதானத்துக்கு வந்தபோது, அவர்களுடைய மேனேஜர் வாசுவைக் கூப்பிட்டு, "எங்க பவுலிங்ல அம்பது அடி, திங்கக்கிழமை வந்து சேந்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட பிறகு வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது? பக்கத்து வீட்டு ஃப்ளோராவை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அவள் ரேடியோவில் கமெண்ட்ரி கேட்டே வளர்ந்தவள். எனக்குச் சொல்லித் தருகிறேன் என்றாள். சொல்லிக்கொடுத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

"பந்து தேர்டு மேன் கைக்குப் போவுது பாருங்கக்கா."

"ஃபஸ்ட்டு மேன், செகண்டு மேன் எல்லாம் எங்க?"

"அப்டி யாரும் இல்லக்கா."

"ரெண்டு பேர் இல்லாம மூணாவது ஆளு எப்டிடீ வந்தான்?"

ஃப்ளோரா கொஞ்சம் யோசித்தாள். "தெரியலக்கா. ஆனா அவன் அங்கதான் நிப்பான்" என்றாள்.

இதுதான் எனக்குக் கிடைத்த டீச்சர். எங்கள் பையன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து, தங்கம் பிரித்தெடுத்த பிறகு மலைபோல் கொட்டி வைத்திருக்கும் சயனைடு மண்மேடு உயரத்துக்குப் போயிற்று. நான் எழுந்து நின்று கை தட்டினேன். ஃப்ளோரா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். அடித்தது நன்றாகத்தான் அடித்தானாம், ஆனால் பந்து தரையில் விழவில்லையாம். அடுத்து வந்தவன் பந்தைத் தொடவே இல்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா விட்டான். அதற்கு எல்லாரும், "நல்லா விட்டான்" என்று கை தட்டினார்கள்.

"அடிச்சவன வூட்டுக்கு அனுப்பறாங்க, சும்மா நின்னவனுக்குக் கை தட்டறாங்க. இன்னா ஆட்டம் இது?" என்றேன். எரிச்சலாக இருந்தது.

"வாசு எவ்ளோ எடுத்திருக்கான், அத மட்டும் பாருங்கக்கா."

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. ஆனால் அவனோடு ஜோடி சேர்ந்தவன் எல்லாம் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகப் போய்விட்டான். கையில் ஒரே ஒரு விக்கெட்தான் இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். யார் கையில் என்று கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஃப்ளோராவே சொன்னாள்: இன்னும் ஒருத்தன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. கூட நிற்க ஆள் இல்லாமல் வாசு தனியாக ஆட முடியாது.

அந்தக் கடைசி ஆள் மனோகர். அவனோ காய்ச்சலில் படுத்துவிட்டான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். சின்னசாமி என்றால் சுரங்கத்தில் தெரியாதவர் இல்லை. ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றுகிற கேஜை ஓட்டும் வைண்டிங் இன்ஜின் டிரைவர். இருபது வருஷத்தில் ஒரு ஆளுக்கு ஒரு கீறல் பட்டதில்லை. ஆனால் ஹாக்கி பார்ப்பாரே தவிர கிரிக்கெட்டில் என்னைவிட மோசம். மனோகருக்குப் பதிலாகப் பையன்கள் அவரைப் பிடித்து, காலில் எதையோ கட்டி, மட்டையைக் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

வாசு அவரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "மாமா, நீங்க ஒண்ணும் பண்ண வாணாம். சும்மா நில்லுங்க. நான் 'எஸ்'னு சொன்னா இந்தப் பக்கம் ஓடியாங்க."

"எஸ்னா ஓடணும்" என்றார் இவர்.

வாசு ஒரு நாலு அடித்தான். இன்னொரு நாலு அடித்தான். ஓடவே இல்லை, நின்ற இடத்திலேயே எட்டு ரன் வந்துவிட்டது. ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் நாலு என்பது என்ன கணக்கோ, நான் கேட்கவில்லை. நாற்பத்தொன்பது ஆகிவிட்டது. மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிராளிகள் எல்லாரும் பயந்துபோய் தூரத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

"ஒரே ஒரு ரன்க்கா. நடந்தே எடுத்துடலாம்" என்று ஃப்ளோரா என் கையை அழுத்தினாள்.

வாசு பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, "எஸ்" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

என் வீட்டுக்காரர், "எஸ்" என்றார். அப்படியே நின்றார்.

அவர் ஏன் நின்றார் என்று அந்த மைதானத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. சுரங்கத்தில் கீழேயிருந்து மணி வந்தால் டிரைவர் அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். சரிதான் என்று மறுபடி மணி வந்தால்தான் கேஜை நகர்த்த வேண்டும். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் கொடுங்கள் என்றால், "தண்ணியா?" என்பார். நான் இன்னொரு தடவை "தண்ணிதான்" என்றால்தான் கை சொம்புக்குப் போகும். அதற்காக அவரோடு சண்டை போடாத நாளில்லை.

வாசு ஓடி வந்து அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டான். இருவரும் ஒரே கோட்டில். "போங்க மாமா, போங்க" என்று கத்தினான். இவர் "போவட்டா?" என்று கேட்பது உதட்டசைவில் தெரிந்தது. அதற்குள் அந்தப் பக்கம் ஆளில்லாத குச்சிகளைப் பந்தால் தட்டிவிட்டார்கள். அம்பயர் விரலைத் தூக்கினார்.

"யாரு அவுட்டு?" என்றேன்.

"வாசுதான்க்கா." ஃப்ளோரா என் கையை விட்டுவிட்டாள். "உங்க வூட்டுக்காரரு நாட் அவுட்டு."

"ஓடனது அவன். இவரு நவுரவே இல்ல. நவுராதவர வுட்டுட்டு ஓடனவன எப்டிடீ அவுட்டுன்னுவாங்க?"

"இவரு கோட்டுக்குள்ள இருந்தாருக்கா. ரூலு அப்டிதான்."

நாசமாய்ப் போன ரூல். மேனேஜர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். பையன்கள் என் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வாசு திட்டவில்லை. மட்டையை வைத்துவிட்டு, தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் தம்பியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷனை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

அவர் எனக்கு எதிரே வேகமாக வந்துகொண்டிருந்தார். எதிர் டீம்காரன் ஒருவன் அவர் தோளில் தட்டி, "நாட் அவுட்" என்று சிரித்துவிட்டுப் போனான். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"சரோஜா, நான் கடைசி வரைக்கும் அவுட் ஆவலயாம்" என்றார் மூச்சிரைக்க. "வாசுக்கு வேலை கெடைச்சிடுச்சா?"

செருகியிருந்த முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"இல்லீங்க" என்றேன்.

"இல்லயா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு தடவை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.