காலியாக ஓடிய வாஷிங் மெஷின்

கணவரின் சட்டைப் பைகளை அவள் மறுபடியும் துழாவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

"அண்ணி, ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. இங்க என்ன தேடுறீங்க?" என்றாள் நாத்தனார்.

"அவர் போனை."

வெல்டருக்கு மாரடைப்பு, பட்டறையிலேயே முடிந்துவிட்டது என்று தெருவே உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது. அவளும் அழத்தான் நினைத்தாள். ஆனால் குறுக்கே ஒரு சந்தேகம் நின்றது. கொஞ்ச காலமாகவே சாயங்காலமானால் மனுஷர் துணி துவைக்கப் போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசாதவர். ஒருநாள் எட்டிப் பார்த்தாள். மெஷின் வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள், காதில் வயரை மாட்டிக்கொண்டு, புரியாத பாஷையில் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார். "வெங்கன்... சியென்தென்சே... கோமன்." இவளிடம் ஒருநாளும் காட்டாத குழைவு. கேட்டதற்கு, "பட்டறையில ஸ்பானிஷ் மெஷின் வந்திருக்கு, அதான் படிக்கிறேன்" என்று மழுப்பினார். மெஷினிடம் யார் குழைவார்கள்?

வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. வேற்றுநாட்டுப் பெண் ஒருத்தி, அழுது வீங்கிய கண்களோடு, நேராக வந்து அவர் காலருகே நின்றாள்.

நாத்தனார் காதைக் கடித்தாள். "யாரு அண்ணி இது?"

"இவ வருவான்னு தெரியும்," என்று எழுந்தாள். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று நெருங்கினாள்.

அப்போது மகன் படியேறி வந்தான். வேற்றுநாட்டுப் பெண்ணைக் கட்டினான் என்று, எந்த நாடு என்றுகூடக் கேட்காமல், 'இனி இந்த வாசப்படியை மிதிக்காதே' என்று அவளே துரத்திய மகன். பின்னாலேயே இரண்டு பிள்ளைகள்.

"என் பெண்டாட்டிக்கும் பிள்ளைங்களுக்கும் நம்ம பாஷை வராதும்மா. இவங்களுக்காக அப்பா ஸ்பானிஷ் கத்துக்கிட்டார். போன்லயே வெங்கன், சியென்தென்சே, கோமன்னு, அதாவது வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்கன்னு விளையாடுவார். ரெண்டு பேர்னா வேற மாதிரி சொல்லணும். முதல்ல அதை மறந்து ஒருத்தரைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டுட்டு, அப்புறம் 'வெங்கன்'னு திருத்திப்பார். இதுங்க சிரிச்சு உருளும்."

"எங்கிட்ட ஏன் மறைச்சார்?"

மகன் வாசப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

பிள்ளைகள் வாசல் நிலையைப் பிடித்தபடி, உள்ளே வரலாமா என்று அவள் முகத்தையே பார்த்தன. அவள் இரண்டு நாற்காலிகளை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"வெங்கன்."

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கின.