ஃபெலிசாவின் கேப்டன்

இலோய்லோ நகரில் எங்கள் தெருமுனையில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ஃபெலிசாவை ஒரு கப்பல் கேப்டன் ஏமாற்றிவிட்டான். ஃபேஸ்புக்கில் வெள்ளைத் தாடி, தொப்பி, வேளைக்கொரு "கண்ணே". அவன் அனுப்பிய வைரப்பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாம். அதை மீட்கப் போனதில் அவள் சேமிப்பு மொத்தமும் போயிற்று.

போலீசில் புகார் கொடுத்த அன்றே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவள் "மனாங்", அதாவது அக்கா.

"என்ன மனாங், கப்பல் எப்போ வருது?" என்று ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். எதிர்வீட்டு நெனிட்டாதான் மோசம். "இந்த வயசுல ஒருத்தன் கண்ணேன்னு கூப்பிட்டா, அவனுக்குக் கண்ணு தெரியலைன்னு அர்த்தம்!"

ஃபெலிசா கடையை மூடினாள். "முட்டாள் மூஞ்சி" என்று சொல்லிக் கண்ணாடியையும் துணியால் மூடினாள். பூனைகூடத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது.

ஒரு மத்தியானம் நெனிட்டா முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

"மனாங், சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன். சுங்கத்துல வைரத்தை நிஜமாவே பிடிச்சு வெப்பாங்களா?"

"உனக்கெதுக்கு?"

"என் ஃப்ரெண்டுக்கு."

"போனைக் காட்டு."

"அது ஃப்ரெண்டு போன்."

"உன் கையில இருக்கே!"

அதே தாடி. பின்னால் அதே பூப்போட்ட திரைச்சீலை. தொப்பி மட்டும் மாறியிருந்தது.

"இவன் என்கிட்ட நடுக்கடல்ல இருந்தானே!"

"என்கிட்ட ஜெனரல். பாலைவனத்துல இருக்காராம்."

"கடல்லயும் பாலைவனத்துலயும் ஒரே திரைச்சீலையா?"

நெனிட்டா ஓவென்று அழுதாள். "அப்போ நானும் முட்டாளா மனாங்?"

இத்தனை நாள் தன்னைத் திட்டிக்கொண்ட வார்த்தையை ஃபெலிசாவுக்கு இவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லடி. பொய் சொல்றது அவன் தொழில். நாள் பூரா அதையே பண்றான். நாம நம்பினோம், அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலும் விழுந்தது.

பிறகு இருவருமாக ஜெனரலுக்கு எழுதினார்கள்: "அன்பே, உனக்கு அனுப்பிய உயிருள்ள பன்றி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அது நிறையத் தின்கிறது. உடனே பணம் அனுப்பு."

ஜெனரல் அவர்களை பிளாக் செய்துவிட்டான். இருவரும் சிரித்த சிரிப்பில் பூனை கூரைக்கு ஓடியது.

மறுநாள் கடை திறந்தது. ஒரு ஜீப்னி நின்றது.

"மனாங், கேப்டன் சௌக்கியமா?"

"பட்டாளத்துல சேந்துட்டாருப்பா. நேத்துதான் பன்றிக்குப் பயந்து ஓடினாரு."

வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஃபெலிசாவும்தான். ஓட்டுநர் மட்டும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"மனாங்... எனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு ஒரு மெசேஜ்..."

"டிக்கெட் வாங்கினியா?"

"இல்லையே."

"உக்காரு. பழம் சாப்பிட்டுக்கிட்டே பாப்போம்."