சீவித் தள்ளிய கொழுப்பு

திசுக்களைச் சோதிக்கும் டாக்டரம்மா நோயாளியின் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவரிடம் வருவதெல்லாம் ஃபார்மலின் டப்பாவில் மிதக்கும் துண்டுகள்தான். துண்டுகள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அவருக்கும் அதுதான் வசதி.

இந்தத் துண்டு ஒரு பஸ் டிரைவருடையது; தொடை இடுக்கில் இருந்த கட்டி. ஆபரேஷன் செய்த டாக்டர் சரியான அவசரக்குடுக்கை. ரிப்போர்ட் வருவதற்குள், "வெறும் அழற்சி வீக்கம்தான், புற்றுநோய் கிடையாது" என்று குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மைக்ராஸ்கோப்பும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஸ்லைடு முழுக்க அழற்சி செல்கள், எள் விழ இடமில்லாத கூட்டம். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

ஆனால் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு செல் கறுத்துப் பெருத்து, கோணல்மாணலாக நின்றது. போனால் போகட்டும் என்று விட அவருக்கு மனசு வரவில்லை. இத்தனை கூட்டம் எதற்கு, யாரை மறைக்க?

அப்போதுதான் உறைத்தது. கட்டியின் கெட்டியான பாகத்திலிருந்து மட்டுமே ஸ்லைடு போட்டிருந்தார். சுற்றியிருந்த கொழுப்பைத் தன் கையாலேயே சீவித் தள்ளியிருந்தார். கொழுப்பு கத்திக்கு அடங்காது, வழுக்கும், கிழியும். அதனால் அந்த வேலையில் இருப்பவர்கள் யாருமே அதை மதிப்பதில்லை. நல்லவேளை, சீவியது டப்பாவிலேயே கிடந்தது. எடுத்து ஸ்லைடு போட்டுப் பார்த்தார். கொழுப்புக்குள் ஓடிய நார்களில் அதே கோணல் ஆசாமிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொழுப்பிலேயே பிறந்து, அழற்சியைப் போர்த்திக்கொண்டு வரும் அபூர்வமான புற்றுநோய். மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார். அதுவும் ஆமாம் என்றது.

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்ககிட்ட போய் சொல்றது?" என்று எரிந்து விழுந்தார் ஆபரேஷன் டாக்டர்.

"நான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. சொன்ன பிறகுதான், நோயாளியிடம் பேசி எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்த்தார்.

தையல் பிரிக்க வந்த டிரைவரும் மனைவியும் சிரித்த முகமாக எதிரே உட்கார்ந்தார்கள்.

"கொழுப்பையும் எடுத்துப் பாத்தீங்களாமே? இவருக்கு உடம்பெல்லாம் கொழுப்புன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னேன் டாக்டர், யாரு கேட்டா?" என்றார் மனைவி.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய் என்றார். முதலிலேயே கொழுப்பையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது தன் தப்பு என்றார். இன்னும் அகலமாக வெட்டியெடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றும் சொன்னார். மனைவி கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர், "நீங்க பாக்காமலே விட்டிருந்தா?" என்றார்.

"சில வருஷத்துல திரும்ப வந்திருக்கும். இதைவிட மோசமா."

"அதுவரைக்கும் நிம்மதியா இருந்திருப்போம். இல்ல?"

டாக்டரம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இருந்திருப்பீங்க."

"என்னங்க பேச்சு இது!" என்று அதட்டினார் மனைவி. "இன்னிக்கே வேணா வெட்டிடுங்க டாக்டர்."

"இன்னிக்கு வேணாம்" என்றார் டிரைவர். "ஒண்ணுமில்லன்னு பாப்பாகிட்ட காலையிலதான் சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு ஒரு ராத்திரி அவ தூங்கட்டும்."