பூ வலிக்குது

எங்கள் வீட்டில் பூ இல்லாத நாள் கிடையாது. என் வீட்டுக்காரர் பிரபு விடிவதற்குள் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை எடுத்துவந்து, திண்டுக்கல்லில் கடை போட்டு விற்பவர். வண்டியில் பூ, ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் பூ, குளியலறை வாளியில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பூ. இப்பேர்ப்பட்ட வீட்டில், எங்கள் நாலு வயது மகள் நிறைமதிக்கு அவள் ஒன்றுக்குப் போகும் இடத்துக்கு என்ன பெயர் சொல்லிக்கொடுத்திருந்தோம் என்று கேளுங்கள். பூ.

யோசனை என் நாத்தனார், பிரபுவின் அக்கா மணிமேகலையுடையது. நான் மதினி என்று கூப்பிடுவேன். அடுத்த தெருவில் இருக்கிறார், ஆனால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான். எதற்குப் பெயர் வைப்பதென்றாலும் அவர்தான் வைக்க வேண்டும். என் சின்னவன் இனியனுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆண்பிள்ளை பாருங்கள், வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் குஞ்சு, குஞ்சுமணி என்று ஆளுக்கொன்றாகச் சூட்டிவிட்டுப் போனார்கள். பிரபு அதை ஒருநாள் வெறும் ‘மணி’ என்று சுருக்கப்போய், பிள்ளைகளுக்கு மணி அத்தையாகிய என் நாத்தனார் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போனார். பெண்பிள்ளைக்கு மட்டும் ‘அது’, ‘அங்க’, ‘கீழ’. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அதனால்தான் பூ என்றதும், சரி, கேட்க அழகாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நிறைமதி அடுப்படிக்கு வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, பூ வலிக்குது.”

தலையில் இரண்டு முழம் மல்லிகை தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், கனக்கிறது போல என்று எடுத்துவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் பூ எரியுது என்றாள். தலையிலோ பூவே இல்லை. நேற்று வைத்த பூவின் வேலை என்று நானே முடிவுகட்டி, வகிடு எடுத்துப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். பூவுக்கு அடிக்கும் மருந்து பிள்ளையின் தலையில் இறங்கிவிட்டது என்று கண்டுபிடித்து, நிலக்கோட்டையில் தனக்கு வழக்கமாகப் பூ கொடுக்கும் மலைச்சாமியிடம் மார்க்கெட் நடுவில் நின்று சண்டை போட்டுவிட்டு வந்தார். என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. அவர் குசுகுசுவென்று பேசினாலே எதிர்வீட்டு ஆனந்தமேரி பதில் சொல்லுவாள். மலைச்சாமி, பாவம், இந்த வாரம் தோட்டத்தில் மருந்தே அடிக்கவில்லை என்று குலசாமி மேல் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பார்க்கும் டாக்டர் நர்கீஸிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்க, பூவில் என்றாள் மகள். பூவை அப்போதே எடுத்துவிட்டோம் டாக்டர், எண்ணெய்கூடத் தடவினோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் அவள் தலையைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. நிறைமதிக்கு எங்கள் மூன்று பேர் மேலும் நம்பிக்கை போய்விட்டது. நாற்காலியிலிருந்து இறங்கிப் போய், மூலையிலிருந்த கழிப்பறைக் கதவைத் தட்டிக்காட்டி, “அங்க போறப்ப” என்றாள்.

சிறுநீரில் கிருமித் தொற்று. மருந்து எழுதி முடித்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“மூணு நாளா பிள்ள சரியாத்தான் சொல்லிருக்கா. நாளைக்கு யாராச்சும் தொட்டாலும் இப்டித்தான் வந்து சொல்லுவா. நீங்க தலையில இருந்து பூவ எடுத்துவிட்டுட்டு நிப்பீங்க.”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். வீடு வரும்வரை அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இனி இவள் ஒன்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு அந்த நொடியே புரிய வேண்டும், அது எந்த வார்த்தையானாலும் சரி என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

காய்ச்சல் விட்டதும் பிரபு மலைச்சாமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். போன மனுஷனால் விஷயத்தைச் சொல்ல முடிந்தால்தானே. அந்தப் பூ இல்லண்ணே, இது வேற பூ என்றிருக்கிறார். மலைச்சாமி, பிச்சியா தம்பி என்று கேட்டிருக்கிறார். இல்லை. முல்லையா? அதுவும் இல்லை. கனகாம்பரத்துக்குத்தான் மணமே கிடையாதே, அது எப்படிப் பிள்ளையை எரிக்கும் என்று அவர் குழம்ப, பக்கத்தில் நின்ற நாலு பேரும் ஆளுக்கொரு பூவின் பேராகச் சொல்ல, என் வீட்டுக்காரர் செவ்வந்தி வந்ததும் போதும்டா சாமி என்று, அதுதான் என ஆமாம் போட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மலைச்சாமி வீட்டில் யாரும் செவ்வந்தி வைப்பதில்லை என்று கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வார்த்தை தேடினோம். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான், பிரபு, மதினி. ஆனந்தமேரி தன் மகன் ரொனால்டுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் ‘ஷேம் ஷேம்’ என்பதை மதினி முதலில் எடுத்துவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, முழங்கைக்கும் மூக்குக்கும் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் என்ன வந்தது, வெட்கம் என்றே பேர் வைத்த இடத்தைப் பற்றி எந்தப் பிள்ளை வாயைத் திறந்து சொல்லும் என்று பிடித்துக்கொண்டேன். மதினி ரைத்தாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அடுத்தது பிறப்புறுப்பு. அது புத்தகச் சொல், யாரும் குறை சொல்ல முடியாது. நிறைமதியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னோம். பொறப்பு, பொருப்பு என்று உருட்டி, கடைசியில் பருப்பில் வந்து நின்றாள். சாம்பார் வைக்கிற வீட்டில் இது ஆகாது என்று பிரபுவே தள்ளிவிட்டார்.

மிஞ்சியது பெண்குறி, ஆண்குறி. நான்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் காது சுட்டது, பொய் சொல்வானேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். பிரபு அரைத் தட்டுப் பிரியாணியை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போனவர், குழாயை நிறுத்தவே இல்லை. நிறைமதி மட்டும் ஒரே தடவையில், பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள். பெண்குறி. தம்பிக்கு ஆண்குறி. அவ்வளவுதான், அடுத்து லெக் பீஸ் கேட்டாள்.

கூடவே சட்டமும் சொல்லிக்கொடுத்தேன். அதை யாரும் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. குளிப்பாட்டும்போது அம்மா, அப்பா. அம்மா பக்கத்தில் இருந்தால் டாக்டர். வேறு யாராவது கேட்டால் தெருவே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும். அந்தக் கத்துகிற பகுதி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு நாளில் பெண்ணை விட்டுவிட்டு, செல்லமாகக் குறி என்று சுருக்கிக்கொண்டாள். எல்லாம் சரி, பிரபுதான் வழிக்கு வரவில்லை. பிள்ளையைக் கழுவிவிடும்போது ‘அத நல்லாக் கழுவுனியா’ என்பார். அதுன்னா எது என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவர் துண்டைத் தேடுவார்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மதினி படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையக் குங்குமமும் கையில் சின்னக் கோலுமாக ஒரு அம்மா கேட்டருகில் வந்து நின்று, நிறைமதியைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

“மகராசி முகம். தாயி, ஒனக்குக் குறி பாக்காமப் போமாட்டேன்.”

என் மகள் கத்தினாளே ஒரு கத்து. மலைக்கோட்டையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். “அம்மா, இந்தம்மா எங்குறியப் பாக்கணுமாம். யாரும் பாக்கக் கூடாது. டாக்டருதான் பாக்கலாம்.” தம்பியின் டவுசரை வேறு இழுத்துப் பிடித்துக்கொண்டாள், அவனுடையதையும் சேர்த்துக் காப்பாற்ற.

நான் ஓடிவந்து பார்த்தால், குறி சொல்ல வந்த அம்மா கோலைக் கீழே போட்டுவிட்டு, தாயி நான் அப்படிப்பட்டவ இல்ல என்று என்னைக் கும்பிடுகிறார். எதிர்வீட்டில் ஆனந்தமேரி மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ரொனால்டு. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். மதினி மட்டும் சிரிக்கவில்லை. வெங்காயக் கையோடு எழுந்துவந்து பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

“அது கெட்ட வார்த்தைடி. இனிமே ஒன் வாயில அது வரக்கூடாது.”

என் சிரிப்பு நின்றுபோனது. நிறைமதியின் முகம் சுருங்கிவிட்டது. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்த பிள்ளை. இந்த நொடியில் அவள் வாயை மூடினால் இனி எதற்கும் திறக்கமாட்டாள் என்று பயந்துபோனேன். நான் வாயெடுப்பதற்குள், அப்போதுதான் வண்டியை நிறுத்தி மீந்த பூக்கூடையோடு இறங்கிய அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, அது பேரு பெண்குறிதான? கெட்ட வார்த்தையா?”

கேள்வி அவரிடம் போய்விட்டது. அதற்கு நான் பதில் சொன்னால் செல்லாது. பிரபு அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தேடுவதற்குத் துண்டு இல்லை. இன்றைக்கும் ‘அது’ என்று சொன்னால் இந்த மனுஷனோடு நான் வாழமாட்டேன் என்று சத்தியமாக நினைத்தேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அவருக்குத்தான் ஒரே ஒரு குரலாயிற்றே, அந்த மார்க்கெட் குரலிலேயே சொன்னார்.

“ஆமா கண்ணு. பெண்குறிதான். கண்ணு, காது, மூக்கு மாதிரி அதுக்கு அதான் பேரு. கெட்ட வார்த்தை இல்ல. நீ கத்துனது ரொம்பச் சரி. இந்தம்மா சொன்னது வேற குறி. கையப் பாத்து நல்லது கெட்டது சொல்றது.”

மதினி உள்ளே போய்விட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது, அதில் வெங்காயத்துக்குப் பங்கில்லை. அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏற்கனவே ஆனந்தமேரிக்கு ஒரு நாளைக்குத் தேவையானது கிடைத்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

நிறைமதி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தம்பியின் டவுசரை விட்டுவிட்டு, கேட்டருகே போய், அந்த அம்மாவின் முன்னால் வலது கையை விரித்து நீட்டினாள்.

“கைய மட்டும் பாருங்க.”